பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை வரை

இன்று 21-ஆம் தேதி. மாதாமாதம் எனக்கு மூச்சு திரும்பி வருகிற நாள். நேற்று இரவு 11.40-க்குக் கடைசி 3பி-யை, அதாவது ஜிஎஸ்டி மாத ரிட்டர்னை, போட்டு முடித்து லேப்டாப்பை மூடிவிட்டுப் போய்ப் பார்த்தால் சின்னவள் நெற்றி இன்னும் சுடுகிறது. எங்கள் வீட்டில் இது ஒரு விதி மாதிரியே ஆகிவிட்டது. ஜிஎஸ்டிக்குக் கடைசி நாள் 20 என்றால் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் 19-க்கு வரும். 5-ஆம் தேதியோ 27-ஆம் தேதியோ வந்தால் மடியில் போட்டுக்கொண்டு ஆற அமரப் பார்த்துக்கொள்வேன், ஆனால் அந்தத் தேதிகளில் இரண்டும் வீட்டுக் கூரையைப் பிய்க்கிற அளவு ஆரோக்கியமாக இருக்கும்.

நான் திருப்பூர்க்காரி. பனியன் தைக்கிற சின்ன யூனிட்களுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதுதான் இப்போது என் தொழில். அதற்கு முன்னால் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர், மின்னணுவியல் துறை, எம்.இ. பட்டம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு பிரசவம், நாலைந்து வருஷம், வெளியில் சொல்லிக்கொள்ள முடியாத சில முட்டாள்தனங்கள். கூட வேலை பார்த்த தோழிகள் ஒவ்வொருத்தியாக போன் பண்ணி எப்படி மாறினாய், யார் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பழைய வேலை போன கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் புதிதாக ஒன்றும் இல்லை. 2018-ல் பெரியவன் வயிற்றில் ஏழு மாதம். முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, 50 பேர் வேலை பார்க்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் என்றெல்லாம் மகப்பேறு சட்டத்தை 2017-ல் திருத்தியிருந்தார்கள். பேப்பரில் படித்திருக்கிறேன். எங்கள் கல்லூரியில் அதைப் பற்றி யாரும் வாயைத் திறந்து நான் கேட்டதில்லை. "ரிசைன் பண்ணிட்டுப் போங்க மேடம், குழந்தை கொஞ்சம் வளர்ந்ததும் வாங்க, பார்த்துக்கலாம்" என்றார்கள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். என்னுடைய ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகள் அவர்கள் பீரோவில் இருந்தன, அதை வாங்குவதற்கே நாலு முறை அலைந்தேன், நாலாவது முறை கைக்குழந்தையோடு. ஒரு வருஷம் கழித்துக் கேட்டபோது முதலாம் ஆண்டு சேர்க்கை பாதிகூட இல்லை, இருக்கிறவர்களையே குறைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார்கள். அது பொய் இல்லை. அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் எத்தனை கல்லூரிப் பேருந்துகள் பாதி காலியாக ஓடின என்று ரோட்டில் நின்று பார்த்தாலே தெரியும்.

அப்புறம் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். யோசனை சொல்வதற்கு யாருக்கும் செலவில்லையே.

டிஎன்பிஎஸ்சி எழுது என்றார் அப்பா. எழுதினேன். 2022 ஜூலை 24, குரூப் 4. சின்னவளுக்கு அப்போது எட்டு மாதம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப் புத்தகங்களை வாங்கி அடுக்களை மேடையில் நிற்க வைத்து, தோசை ஊற்றிக்கொண்டே படித்தேன். 200 கேள்வி, மூன்று மணி நேரம், அதில் நூறு தமிழ். தேர்வு மையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அத்தை குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே எனக்குக் கவனமெல்லாம் கேட் பக்கம் ஏதாவது அழுகைச் சத்தம் கேட்கிறதா என்பதில்தான். பால் கட்டிக்கொண்டு கடைசி ஒரு மணி நேரம் நெஞ்சு கல் மாதிரி ஆகி, ஓஎம்ஆர் வட்டங்களை எப்படி அடைத்தேன் என்றே தெரியாது. அறிவித்தபோது 7301 இடம். விண்ணப்பித்தவர்கள் 22 லட்சம் பேர். முடிவு வர எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதமும் வேறு எதையும் தொடங்காமல் முடிவுக்காகக் காத்திருந்தேன் பாருங்கள், தோற்றதைவிட அதுதான் இன்றைக்கும் எனக்கு வலிக்கிறது.

வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று ஒரு விளம்பரம். பதிவுக் கட்டணம் 2,500. கட்டினேன். பத்து நாள் ராத்திரி கண் விழித்து டைப் பண்ணி அனுப்பினேன், பிழை அதிகம், ஒப்பந்தப்படி அபராதம் கட்டு என்று வக்கீல் நோட்டீஸ் மாதிரி ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பயந்து நடுங்கி வீட்டுக்காரரிடம் சொன்னதும், அந்த நம்பரை பிளாக் பண்ணு, முடிஞ்சது என்றார். அதோடு முடிந்தும் போனது. வேலை கொடுக்கிறவன் நம்மிடம் காசு கேட்டால் அது வேலை இல்லை. எம்.இ. படித்தவளுக்கு இது 2,500 ரூபாய் கொடுத்துத்தான் தெரிய வேண்டியிருந்தது. நடுவில் சேலை வாங்கி வாட்ஸ்அப் குரூப்பில் விற்றதும் உண்டு. வாங்கியவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள், பாதிப்பேர் இன்னும் பணம் தரவில்லை, மேற்கொண்டு பேசினால் குடும்பத்தில் சண்டை வரும்.

மெடிக்கல் கோடிங் படி, பைத்தான் படி, பி.எட். படி. எல்லாம் நல்ல யோசனைகள்தான், நானும் ஒவ்வொன்றாக விசாரித்தேன். பைத்தான் ஆன்லைன் வகுப்பு இரவு 7 முதல் 9. அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருத்தனுக்கு ஹோம்வொர்க், ஒருத்திக்குச் சோறு, இரண்டு பேருக்கும் சண்டை. மெடிக்கல் கோடிங் வேலை கோயம்புத்தூரில் ஷிப்ட். பி.எட். முன்பு ஒரு வருஷம், 2015-லிருந்து இரண்டு வருஷம், தினமும் போக வேண்டும், அதற்குமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் பயிற்சிக்கும் போக வேண்டும்.

இங்கேதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அதுவரை நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி "எனக்கு எது வரும், எது பிடிக்கும்" என்பது. கேட்க வேண்டியிருந்ததோ "எனக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது, அது எந்த நேரம்" என்று. பழைய ரெக்கார்ட் நோட்டு ஒன்றை எடுத்தேன். காலை ஆறிலிருந்து இரவு பதினொன்று வரை அரை மணிக்கு ஒரு கட்டம், ஏழு நாளுக்கு. நடந்ததை நடந்தபடி எழுதினேன். பெருமைக்கு எழுதக்கூடாது என்று எனக்கே சத்தியம் பண்ணிக்கொண்டு, போன் பார்த்த நேரத்தையும் எழுதினேன். வாரக் கடைசியில் கூட்டிப் பார்த்தால், யாரும் என்னைக் கூப்பிடாத நேரம் என்று இரண்டே இடத்தில்தான் கட்டம் காலியாக இருந்தது. திங்கள் முதல் வெள்ளி வரை பத்து மணியிலிருந்து பன்னிரண்டரை. அதற்குள் பெரியவன் பள்ளிக்குப் போயிருப்பான், அத்தைக்கு முட்டிவலி மாத்திரை வேலை செய்துகொண்டிருக்கும், சின்னவளை வைத்துக்கொள்வார். பன்னிரண்டரைக்கு மேல் அத்தைக்குச் சாப்பாடு, தூக்கம், அப்புறம் சீரியல், அதில் எந்தப் பேச்சுவார்த்தைக்கும் இடமில்லை. இன்னொன்று இரவு ஒன்பதேகாலிலிருந்து பத்தேமுக்கால். வீட்டுக்காரர் மெர்ச்சண்டைசர், அதாவது கம்பெனி ஆர்டர்களைக் கவனித்து அனுப்பி வைக்கிறவர், ஷிப்மென்ட் நேரத்தில் வீட்டுக்கு வரவே ஒன்பதரை ஆகும், அதனால் அவரை எந்தக் கட்டத்திலும் எழுத முடியவில்லை. ஆக மொத்தம் வாரத்துக்குச் சுமார் இருபது மணி நேரம். அது மாடியில் சும்மா கிடந்த ஒரு அறையைக் கண்டுபிடித்தது போல இருந்தது. சின்ன அறைதான், ஆனால் கதவு இருக்கிறது.

இந்தக் கட்டத்துக்குள் நுழைகிற வேலை எது என்று தேடவில்லை. அது பின்வீட்டிலிருந்து வந்தது. பின்வீட்டு அக்கா எட்டு பவர் டேபிள் (மோட்டார் தையல் மிஷின்) போட்டு, கம்பெனிகளிடம் கட்டிங் வாங்கித் தைத்துக் கொடுக்கிறவர். ஒரு நாள் சாயங்காலம் ஒரு சலானைக் கொண்டுவந்து நீட்டினார். "அம்மிணி, நீ படிச்ச புள்ளதான, இதென்ன தொள்ளாயிரம் ரூவா சேத்திப் போட்டிருக்குதுன்னு பாரு." பார்த்தேன். ரிட்டர்ன் போட 18 நாள் தாமதம், நாளுக்கு 50 ரூபாய். அவருக்குக் கணக்குப் பார்த்த பையன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு வேலைக்குப் போய்விட்டானாம். அந்த அக்கா ஒரு பீஸுக்கு வாங்குவது சில ரூபாய்கள். 900 ரூபாய்க்கு எத்தனை பீஸ் தைக்க வேண்டும் என்று அவரே விரல்விட்டு எண்ணினார். எனக்கு ஜிஎஸ்டியைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த பில் கட்டை வாங்கி, தேதிவாரியாக அடுக்கி, ஒரு எக்செல் ஷீட்டில் போட்டு, எந்த பில் விட்டுப்போயிருக்கிறது என்று அன்று ராத்திரி ஒன்பதரைக்குத் தொடங்கிப் பத்தேகாலுக்குச் சொல்லிவிட்டேன்.

அப்போதுதான் தெரிந்தது, என் எம்.இ. சிக்னல் பிராசஸிங் எனக்கு எதற்கும் உதவவில்லை, கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் குழு வருகிறது என்று கல்லூரியில் மூன்று வருஷம் விடிய விடிய ஃபைல் தயார் பண்ணினோமே, அதுதான் உதவியது. இந்தப் பக்கம் ஒரு எண், அந்தப் பக்கம் ஒரு எண், இரண்டும் ஒத்துப்போகிற வரைக்கும் எழுந்திருக்கக்கூடாது. அந்தக் காலத்தில் அதை எவ்வளவு திட்டியிருக்கிறேன்!

கணக்கு எழுதுகிற டாலி மென்பொருள் வகுப்பில் சேர்ந்தேன். காலை பத்து முதல் பன்னிரண்டு பேட்ச், மூன்று மாதம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம், மாடியில் ஒரு சின்ன சென்டர். கூட இருந்தவர்கள் எல்லாம் பி.காம். முடித்த இருபது வயசுப் பிள்ளைகள், என்னை மேடம் என்று கூப்பிட்டுவிட்டு அப்புறம் அக்காவுக்கு மாறினார்கள். போக வர டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணமில்லை. இது பெரிய விஷயமா என்று கேட்காதீர்கள். கையில் சொந்தக் காசு இல்லாத ஒருத்தி, தினமும் பஸ்ஸுக்கு இருபது ரூபாய் என்று யாரிடமும் கேட்காமல் வீட்டை விட்டு இறங்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்படி இறங்கியவளுக்குத்தான் தெரியும்.

அதற்கப்புறம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். நேர்முகத்தில் சார் கேட்ட முதல் கேள்வி, "குழந்தைங்க ரெண்டு பேரும் சின்னதா இருக்காங்களேம்மா, யார் பார்த்துப்பாங்க?" என் வீட்டுக்காரர் எத்தனை நேர்முகத்துக்குப் போயிருப்பார், ஒருத்தர்கூட அவரை இதைக் கேட்டதில்லை. கோபம் வந்தது. காட்டவில்லை. நோட்டுப்புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். "சார், பத்திலிருந்து பன்னிரண்டரை வரைக்கும் நான் நிச்சயமா இருப்பேன். ராத்திரி ஒன்றரை மணி நேரம் வீட்டிலிருந்து என்ட்ரி போட்டுத் தருவேன். மற்ற நேரத்துக்கு நான் பொறுப்பில்லை. முழுநாள் ஆள் வேணும்னா நான் சரிப்பட மாட்டேன்." அவர் சிரித்துவிட்டு, இப்படித் தெளிவாகச் சொன்னவர்கள் குறைவு என்றார். சம்பளம் என்னவோ 7,000-தான் சொன்னார். சரி என்றேன். முழுநாள் வருகிறேன் என்று வாயால் சொல்லிச் சேர்ந்து, வாரத்துக்கு இரண்டு நாள் பொய்க் காரணம் சொல்லி லீவு போட்டு, ஆறு மாதத்தில் மனசு நொந்து நின்றுவிட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

இந்த வேலை எப்படி ஓடுகிறது என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது ஏன் தோதாக இருக்கிறது என்பது அந்தத் தேதிகளில்தான் இருக்கிறது. மாதாமாதம் கணக்குக் கொடுக்கிற பார்ட்டி (எங்கள் பாஷையில் வாடிக்கையாளர்) என்றால், போன மாதம் அவர் போட்ட பில்களை எல்லாம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1-ல் ஏற்ற வேண்டும். 14-ஆம் தேதி 2பி வந்துவிடும். அதாவது இவருக்கு நூல், துணி, பட்டன், பெட்டி விற்றவர்கள் எல்லாம் இவர் பெயரில் என்ன பில் ஏற்றியிருக்கிறார்கள் என்கிற பட்டியல். அதை நம்மிடம் இருக்கிற பர்ச்சேஸ் பில்லோடு ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்து, கட்டிய வரியைக் கழித்துக்கொண்டு, மிச்ச வரியை 20-க்குள் கட்டி 3பி போட வேண்டும். விற்றவன் பில்லை ஏற்றாவிட்டால் வாங்கியவனுக்குக் கழிவு கிடைக்காது. வருஷ விற்பனை 5 கோடிக்குள் இருக்கிறவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடலாம் என்று 2021-லிருந்து ஒரு வசதி இருக்கிறது, ஆனாலும் என் பார்ட்டிகளில் பாதிப்பேர் மாதக் கணக்குக்காரர்கள், ஏனென்றால் வேலை கொடுக்கிற கம்பெனிக்காரர்கள் அப்படிக் கேட்கிறார்கள். ஆக, வேலை மாதம் முழுக்கச் சமமாக இல்லை. 1-லிருந்து 5 வரை லேசு, 8-லிருந்து 20 வரை நெருக்கடி, 21-க்கு மேல் மனுஷியாகலாம். பிள்ளைகளின் ஊசி, பல் டாக்டர், பள்ளிக்கூடக் கூட்டம், தீபாவளித் துணி எல்லாம் இப்போது 21-க்கு மேல்தான். காய்ச்சலுக்கு மட்டும்தான் இந்தக் காலண்டரைச் சொல்லிப் புரிய வைக்க முடியவில்லை.

 ரிட்டர்ன் போடும்போது பார்ட்டிகளின் போனுக்கு ஓடிபி போகும். அந்த ஓடிபியை வாங்குவதுதான் மொத்த வேலையிலும் கஷ்டமான பகுதி. அண்ணா கட்டிங் டேபிளில் நிற்பார், போன் ஆபீஸ் ரூமில் சார்ஜில் கிடக்கும். நான் இங்கே கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன். கடைசியில் எடுத்து ஒவ்வொரு எண்ணாகச் சொல்லும்போது சரியாகச் சின்னவள் பக்கத்தில் வந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று தன் கணக்கைத் தொடங்குவாள். பள்ளியில் பெரியவனிடம் அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள் என்று டீச்சர் கேட்டதற்கு, "எல்லார்கிட்டயும் ஓடிபி கேப்பாங்க" என்று சொல்லியிருக்கிறான். டீச்சர் என்ன நினைத்தாரோ, அடுத்த நாள் என்னை ஒரு மாதிரிதான் பார்த்தார்.

தப்பும் பண்ணியிருக்கிறேன். இதைச் சொல்லாவிட்டால் என்னமோ நான் எல்லாவற்றையும் சாதித்துவிட்டவள் மாதிரி ஆகிவிடும். ஒரு ராத்திரி, சின்னவள் தூங்கமாட்டேன் என்று மடியிலேயே உட்கார்ந்திருந்தாள், அவளை ஒரு கையில் பிடித்துக்கொண்டு பில் ஏற்றினேன். முருகன் பெயரில் தொடங்குகிற இரண்டு கம்பெனி அந்தப் பார்ட்டியின் லெட்ஜரில் இருந்தது. திருப்பூரில் முருகன் பெயருக்கு என்ன பஞ்சம். 1,84,000 ரூபாய் பில்லை ஒரு முருகனுக்குப் பதில் இன்னொரு முருகனுக்கு ஏற்றிவிட்டேன். பில் யாருக்குப் போக வேண்டுமோ அவர் 2பி-யில் அது வரவில்லை, அவர் வரி 9,200 ரூபாயைப் பிடித்துக்கொண்டுதான் பணம் கொடுத்தார். யூனிட் அண்ணாவுக்கு அந்த வாரக் கூலி போடுவதற்கு அந்தப் பணம் வேண்டியிருந்தது. அடுத்த மாத ரிட்டர்னில் திருத்திக் கொடுத்தேன், அவருக்கும் அப்புறம் பணம் வந்துவிட்டது. ஆனால் அவர் என்னைத் திட்டவே இல்லை, "புள்ளைய வெச்சுக்கிட்டு எவ்வளவுதான் பார்ப்பே, விடும்மா" என்றார். திட்டியிருந்தால்கூட இரண்டு நாளில் மறந்திருப்பேன். அன்றிலிருந்து மடியில் பிள்ளை இருந்தால் கீபோர்டைத் தொடுவதில்லை. வேலை தாமதமானால் ஆகட்டும்.

இப்போது ஆடிட்டர் ஆபீஸ் போக, எனக்கென்று பதினாறு பார்ட்டி. மாதம் 800-லிருந்து 1,500 வரை கொடுக்கிறார்கள், எல்லோரும் எல்லா மாதமும் கொடுப்பதில்லை. எல்லாம் சேர்த்து 22,000-க்கும் 24,000-க்கும் நடுவில் வருகிறது. கல்லூரியை விடும்போது கையில் வாங்கியது 21,500. ஏழு வருஷம் கழித்து கிட்டத்தட்ட அதே பணம், விலைவாசியைப் பார்த்தால் குறைவு. இதைப் போனில் சொன்னால் சிலருக்கு முகம் வாடுவது குரலிலேயே தெரிகிறது. வாடட்டும். ஒரு மாதத்தில் ஐம்பதாயிரம் என்று யாராவது சொல்லக் கேட்டு நீங்களும் 2,500 ரூபாய் கட்டுவதைவிட இது தெரிந்திருப்பது நல்லது.

பிள்ளைகள் பக்கம் ஒரு முடிவு எடுத்தோம், அதற்காகச் சொந்தக்காரர்களிடம் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டேன். பெரியவன் மெட்ரிக் பள்ளியில் யுகேஜி வரை படித்தான். ஒன்றாம் வகுப்புக்கு மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்தோம். வீட்டிலிருந்து நடந்து ஆறு நிமிஷம். காலை உணவு அங்கேயே, ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல். மதியமும் அங்கேயே. "எம்.இ. படிச்சவ புள்ளைய கார்ப்பரேஷன் ஸ்கூல்லயா போடுவ" என்று என் பெரியம்மா கேட்டார். போட்டேன். வருஷம் 38,000 ஃபீஸ் மிச்சம், அதில்தான் லேப்டாப் வாங்கினேன். அதைவிட முக்கியம், காலையில் ஒரு டிபன், இரண்டு டப்பா கட்டுகிற முக்கால் மணி நேரம் மிச்சம். எங்கள் வீட்டில் கேரியர் என்றால் ரொம்ப நாளாக அடுக்கு டிபன் கேரியர்தான், அந்தக் கேரியர் ஒழிந்தபிறகுதான் இந்தக் கேரியருக்கு இடம் கிடைத்தது. பையன் நன்றாகத்தான் படிக்கிறான், கிச்சடி அன்றைக்கு மட்டும் முகத்தைச் சுளிக்கிறான், அது நான் செய்தாலும் சுளிப்பான்.

அத்தையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். முதல் சம்பளத்திலிருந்து மாதம் 1,500 அவர் கையில் கொடுத்தேன். "பேத்தியப் பாத்துக்கறதுக்குக் கூலியா?" என்று கோபித்துக்கொண்டு திருப்பி வைத்தார். அடுத்த மாதமும் வைத்தார். மூன்றாவது மாதம் நான் 4-ஆம் தேதி வரை கொடுக்க மறந்துவிட்டேன், "ஏஞ்சாமி, இந்த மாசம் ஆடிட்டரு இன்னும் சம்பளம் போடலியா?" என்று கேட்டார். இப்போது அது அவர் பணம், எதற்கு என்று நான் கேட்பதில்லை. சின்னவளை அங்கன்வாடியில் விட்டபிறகும் கொடுக்கிறேன். வீட்டுக்காரரைப் பற்றியும் ஒன்று. "உனக்கு எப்படித் தோணுதோ அப்படிப் பண்ணு" என்று தொடக்கத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார், அதை ஆதரவு என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை காலை குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, பூங்காவுக்குக் கூட்டிப்போய் ஒரு மணிக்குத்தான் திரும்பி வருவேன் என்று அவர் கிளம்பியபிறகுதான் ஆதரவு என்றால் என்னவென்று எனக்கே தெரிந்தது. அதற்கு இரண்டு சண்டை தேவைப்பட்டது. பெரிய சண்டைகள்.

இப்போது நான் பி.காம். படிக்கிறேன். தபால் வழியில், இரண்டாம் வருஷம். சிரிக்காதீர்கள், எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஜிஎஸ்டி பிராக்டீஷனர் என்று முறையாகப் பதிவு பண்ணி, பார்ட்டி சார்பில் நானே ரிட்டர்ன் போட வேண்டுமானால் வணிகவியல், சட்டம், வணிக நிர்வாகம் போன்றவற்றில் பட்டம் வேண்டும். விதி 83-ல் இருக்கிறது. பொறியியல் அதில் இல்லை. இப்போதைக்கு அவர்களுடைய லாகின், அவர்களுடைய ஓடிபி, சந்தேகம் வந்தால் ஆடிட்டர் சார். எத்தனை நாளைக்கு மற்றவர் போனிலிருந்து எண் கேட்டுக்கொண்டே இருப்பது? பாடம் ஒன்றும் கஷ்டமில்லை, தேர்வு நாட்கள்தான் பயம். 20-ஆம் தேதியில் மட்டும் விழாமல் இருக்க வேண்டும்.

போன வாரம், நெருக்கடியான நேரத்தில், கல்லூரியில் எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவள் கூப்பிட்டாள். அவளும் விட்டுவிட்டாள், இரண்டு வயசில் ஒன்று, ஆறு மாதத்தில் ஒன்று. நானும் டாலி சேரட்டுமா, எங்கே சேர்வது, எவ்வளவு ஃபீஸ் என்று கேட்டாள். டாலி இருக்கட்டும், முதலில் ஒரு நோட்டை எடுத்து அரை மணிக்கு ஒரு கட்டம் போட்டு ஒரு வாரத்துக்கு எழுது, அப்புறம் பேசலாம் என்றேன். ஏதோ தட்டிக்கழிக்கிறேன் என்று நினைத்திருப்பாள். நேற்று ராத்திரி பத்து மணிக்கு, நான் பதினைந்தாவது ஓடிபிக்குக் காத்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறாள். ஏழு நாள், கட்டத்துக்குக் கட்டம் பொடி எழுத்தில் நிரப்பியிருக்கிறாள். புதன்கிழமை மூன்று மணிக் கட்டத்தை மட்டும் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறாள். உள்ளே "தலைக்குக் குளித்தேன்" என்று இருக்கிறது.